பிரிந்தவர்கள் மீண்டும் சேரும் கதை: கொரியத் தொடர்களின் மறுவாய்ப்புக் காதல் குறித்த கேள்விகளும் பதில்களும்

பிரிந்த காதலர்களும் விவாகரத்தான தம்பதியரும் மீண்டும் இணையும் கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப்படுகிறது. பல தொடர்களின் முடிவுகளும் பேசப்படுவதால், கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் அதை மனத்தில் கொண்டு படிக்கவும்.

எந்தக் கதையை மறுவாய்ப்புக் காதல் என்று சொல்லலாம்?

ஒருகாலத்தில் காதலர்களாகவோ கணவன் மனைவியாகவோ வாழ்ந்து பிரிந்த இருவர், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எதிர்ப்பட்டு, விட்ட உறவைத் தொடர்வதா வேண்டாமா என்று தடுமாறுவதே இவ்வகைக் கதை. பிரிவுக்கு முன்னரே அவர்களுக்குள் ஓர் உறவு இருந்திருக்க வேண்டும். சிறுவயதில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் பெரியவர்களானதும் காதலிப்பது இதில் சேராது. முற்பிறவியில் பிரிந்தவர்கள் இப்பிறவியில் சந்திக்கும் கதைகளை, எடுத்துக்காட்டாக 2016 டிசம்பரில் தொடங்கிய 'காப்ளின்' தொடரில் எமதூதனுக்கும் சன்னி என்ற பெண்ணுக்கும் இடையில் வரும் கதையை, சிலர் இதில் சேர்ப்பதுண்டு. அவற்றை வெளியே வைப்பதே சரி என்பது என் எண்ணம். மறந்துபோன பிறவியின் பிழைக்காக வருந்துவதற்கும், ஐந்து வருடங்களுக்கு முன் தானே சொன்ன ஒரு சொல்லுக்காக இன்று அதே ஆளின் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

இந்த வகை எந்தத் தொடரோடு தொடங்கியது?

முதல் தொடர் இதுதான் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. ஆனால் கொரியாவுக்கு வெளியே இவ்வகையை அறிமுகப்படுத்திய தொடர் எது என்பதில் ஐயமில்லை. கே.பி.எஸ். 2 அலைவரிசையில் 2002 ஜனவரி முதல் மார்ச் வரை 20 எபிசோடுகளாக ஒளிபரப்பான 'வின்டர் சொனாட்டா' அது. யூன் சாக்-ஹோ இயக்கிய அத்தொடரில் பே யோங்-ஜுனும் சோய் ஜி-வூவும் நடித்தார்கள். சுன்சோன் நகரத்துப் பள்ளியில் காதலிக்கும் இருவரில் பையன் விபத்தில் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, வேறொருவனோடு நிச்சயதார்த்தம் நடக்கவிருக்கும் நாளில், முதல் பனி விழும் தெருவில் அதே முகத்தோடு ஒருவன் நடந்துபோவதை நாயகி பார்க்கிறாள். அவன் பெயர் வேறு, ஊர் வேறு, நினைவுகளும் வேறு. விபத்துக்குப் பிறகு அவனுடைய தாயே அவனுக்கு வேறொரு கடந்தகாலத்தை ஏற்றிவிட்டாள் என்பது பின்னர் தெரியவருகிறது.

ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 2003இல் செயற்கைக்கோள் அலைவரிசையிலும், 2004இல் பொது அலைவரிசையிலும் இதை ஒளிபரப்பியபோது, நடுத்தர வயதுப் பெண்கள் பெரும் திரளாக இதற்கு ரசிகைகளானார்கள். படப்பிடிப்பு நடந்த நாமி தீவின் மரங்கள் அடர்ந்த பாதை சுற்றுலாத் தலமானது. இன்றும் கூட்டம் குறையவில்லை. முதல் காதல் இளமையோடு முடிந்துவிட்டது என்று வைத்திருந்தவர்களுக்கு, அது முடியவில்லை, அதற்கு ஞாபகம்தான் இல்லை என்று இந்தக் கதை சொன்னது. அந்தக் கற்பனையின் ஈர்ப்பு பெரியது.

ஆயினும் இவ்வகையின் குறையும் இத்தொடரிலேயே இருக்கிறது. நாயகனும் நாயகியும் ஒருவருக்கொருவர் எந்தத் தவறும் செய்யவில்லை. விபத்து, தாயின் சூழ்ச்சி, இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகளோ என்ற சந்தேகம், இறுதியில் பார்வை இழப்பு என எல்லாத் துன்பமும் வெளியிலிருந்தே வருகிறது. ஆகவே மன்னிக்கவோ மாறவோ அவர்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்துவந்த நல்ல தொடர்கள் இந்த இடத்தில்தான் வேறு வழியில் திரும்பின.

விவாகரத்தான கணவன் மனைவி எப்போது நாயகன் நாயகி ஆனார்கள்?

எஸ்.பி.எஸ். 2006இல் ஒளிபரப்பிய 'அலோன் இன் லவ்' தொடரை இதற்குரிய திருப்புமுனையாகக் கொள்ளலாம். ஜப்பானிய எழுத்தாளர் நொசாவா ஹிசாஷியின் நாவலைத் தழுவி, திரைப்பட இயக்குநர் ஹான் ஜி-சூங் இயக்கிய 16 எபிசோடுகள். சன் யே-ஜினும் காம் வூ-சுங்கும் நடித்த அந்தத் தம்பதியர், குழந்தை இறந்து பிறந்த துயரத்துக்குப் பிறகு விவாகரத்துப் பெற்றவர்கள். ஆனாலும் ஒரே ஊரில் இருந்துகொண்டு அடிக்கடி சந்திக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், ஒருவருக்கு மற்றவர் வரன் பார்க்கவும் முனைகிறார்கள். நாயகன் இடையில் தன் பள்ளிக்காலக் காதலியை மணந்தும் விடுகிறான். குழந்தை இறந்த அந்த இரவில் அவன் ஏன் மனைவியின் அருகில் இல்லை என்ற ஒரே கேள்வியைத்தான் தொடர் முழுவதும் சுற்றிவருகிறது. அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

இக்கதை அந்த ஆண்டுகளில் வந்தது தற்செயல் அன்று. 1997 நவம்பரில் தொடங்கிய நிதி நெருக்கடி எத்தனையோ குடும்பங்களைக் குலைத்தது. 2003இல் தென்கொரியாவின் விவாகரத்து எண்ணிக்கை 1,60,000ஐத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. ஆணைத் தலைவனாக வைத்தே குடும்பத்தைப் பதிவுசெய்யும் முறை அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்று 2005இல் நீதிமன்றம் சொல்ல, 2008 ஜனவரி 1 முதல் அது ஒழிந்தது. அதுவரை, விவாகரத்தான பெண் தானே வளர்க்கும் குழந்தையும் தகப்பனின் குடும்பப் பதிவிலேயே இருந்தது. விவாகரத்தானவள் என்றாலே துணைப் பாத்திரம் அல்லது வில்லி என்றிருந்த காலம் இந்தச் சூழலில் மெல்ல மாறியது.

விவாகரத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகும் தொடர்களில் சில வாரங்கள் இழுபறி நடக்கிறதே, சட்டம் அப்படித்தானா?

ஆம். 2008 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, இருவரும் ஒப்புக்கொண்டு விவாகரத்துக் கோரினாலும் குடும்ப நீதிமன்றம் அவர்களுக்கு யோசிக்க அவகாசம் தருகிறது. வயதுக்கு வராத பிள்ளைகள் இருந்தால் மூன்று மாதம். இல்லாவிட்டால் ஒரு மாதம். அதன்பின் இருவரும் நேரில் சென்று தங்கள் முடிவை உறுதிசெய்ய வேண்டும். நீதிமன்றம் ஒப்புதல் தந்த பின்னரும் மூன்று மாதத்துக்குள் பதிவு அலுவலகத்தில் தாளைக் கொடுக்காவிட்டால் அந்த ஒப்புதல் காலாவதியாகிவிடும்.

கதை எழுதுபவருக்கு இதைவிட வசதியான சட்டம் கிடைக்காது. பிரிவு முடிவாகியும் முடியாத ஒரு இடைவெளியை அரசே வகுத்துத் தந்திருக்கிறது; கையெழுத்திட்ட தாளை யார் போய்க் கொடுப்பது என்பதையே ஓர் எபிசோடாக நீட்டலாம். இதற்கு முன்னரே கே.பி.எஸ். 1999இல் தொடங்கிய தம்பதியர் வழக்கு நாடக வரிசை ஒன்று, ஒவ்வொரு வாரமும் சண்டையிட்ட கணவன் மனைவியை நான்கு வாரம் கழித்து வருமாறு சமரசக் குழுவினர் அனுப்பிவைப்பதோடு முடிந்தது. அவர்கள் சேர்ந்தார்களா என்பதைப் பார்ப்பவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கொரியாவில் அந்த நான்கு வாரம் கேலிப்பேச்சாகவே நிலைத்துவிட்டது.

காதலர்களோ தம்பதியரோ பிரிவதற்கு இத்தொடர்கள் என்ன காரணம் காட்டுகின்றன?

பழைய தொடர்களில் பெற்றோரின் எதிர்ப்பும் தீராத நோயும் முதலிடம் பெற்றன. 2010க்குப் பிறகு பணம் அந்த இடத்தைப் பிடித்தது எனலாம். கடன், நிரந்தரமற்ற வேலை, மாமியார் வீட்டின் செல்வம், உயர்குடியில் மணந்த கணவனின் தாழ்வுணர்ச்சி என்று அது பல உருவில் வருகிறது. டி.வி.என். 2014இல் ஒளிபரப்பிய 'எமர்ஜென்சி கப்பிள்' தொடரில், மருத்துவர் குடும்பத்தின் எதிர்ப்பை மீறி மணந்த இளைஞன் படிப்பை விட்டு மருந்து விற்கப்போக, அந்தத் திருமணம் சீக்கிரமே நொறுங்குகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து இருவரும் ஒரே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவர்களாகச் சேர்கிறார்கள். நகைச்சுவைத் தொடர்தான், ஆனாலும் திருமணத்தின் செலவுக் கணக்கை அது கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகவில்லை.

இன்னொரு காரணம் பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. 'அலோன் இன் லவ்' தொடரில் குழந்தை இறந்து பிறக்கிறது. கே.பி.எஸ். 2இல் 2020இல் வந்த வார இறுதிக் குடும்பத் தொடரான 'ஒன்ஸ் அகெய்ன்' கதையில், மருத்துவர்களான இளம் தம்பதியருக்கிடையே கருச்சிதைவின் வலி கிடக்கிறது. 2024இன் 'குயின் ஆஃப் டியர்ஸ்' தொடரிலும் அதேதான்: பிறக்கவிருந்த குழந்தைக்காக அலங்கரித்த அறையை மனைவி ஒருநாள் யாரையும் கேட்காமல் காலிசெய்துவிடுகிறாள், கணவன் அந்த அறைக்கே தன் படுக்கையை மாற்றிக்கொள்கிறான். பதினெட்டு ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு எழுத்தாளர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருவரும் குற்றவாளி இல்லாத இழப்பு இது. ஆகவே யார்மீதும் கோபப்பட முடியாது. கோபப்பட முடியாததால் பேசவும் முடியாது. துக்கம் காக்கச் சடங்கோ, வந்து விசாரிக்கும் உறவினர்களோ இல்லாத இழப்பும் இதுவே. விவாகரத்துத் தாளில் எழுத முடியாத காரணம் ஒன்று தேவைப்படும்போது கொரிய எழுத்தாளர்கள் இதை நாடுவதில் வியப்பில்லை.

இதற்கு நேரெதிராக, அற்பக் காரணத்தைக் காட்டிப் பெரிய காரணத்தை மறைப்பதும் ஓர் உத்தி. 2021இன் 'ஹோம்டவுன் சா-சா-சா' தொடரின் கடலோர ஊரில் விவாகரத்தான நடுவயது இணை ஒன்று உண்டு. கணவன் காலுறையைப் புறம் மாறிக் கழற்றிப் போடும் சண்டையிலேயே எல்லாம் முடிந்தது என்று ஊர் நம்புகிறது. கணவன் தன்னை இரக்கத்தால் மணந்ததாகச் சொல்லியதைக் கேட்டுவிட்ட மனைவியின் அவமானம் அதன் அடியில் இருக்கிறது. அத்தொடரின் முதன்மைக் காதலைவிட இந்தக் கிளைக்கதையே எனக்குப் பிடித்தது.

காலத்தில் பின்னோக்கிச் செல்லும் தொடர்களையும் இவ்வகையில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்கலாம். சொல்லப்போனால், மறுவாய்ப்பு என்ற கருத்தை நேரடியாகச் சோதித்துப் பார்ப்பவை அவைதாம். ஒரே மையக்கருவைக் கொண்ட இரண்டு தொடர்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

கே.பி.எஸ். 2இல் 2017இல் 12 எபிசோடுகளாக வந்த 'கோ பேக் கப்பிள்' ஓர் இணையக் காமிக்ஸைத் தழுவியது. ஜங் நா-ராவும் சன் ஹோ-ஜுனும் நடித்த 38 வயதுத் தம்பதியர், விவாகரத்தான நாளன்று உறங்கி, 1999இல் 20 வயதுக் கல்லூரி மாணவர்களாகக் கண்விழிக்கிறார்கள். மனைவிக்கு இறந்துபோன தாய் திரும்பக் கிடைக்கிறாள். ஆனால் எதிர்காலத்தில் விட்டுவந்த சின்ன மகன் இல்லை. தாய் இறந்த சமயத்தில் கணவன் உடனிருக்கவில்லை என்பது அவளுடைய ஆறாத மனக்குறை. மருந்து விற்பனைப் பிரதிநிதியான அவன் மருத்துவர்களிடம் நாள்தோறும் படும் சிறுமையை வீட்டில் சொன்னதில்லை என்பது அவனுடைய பக்கம். இங்கே இருவருமே பின்னோக்கிப் போகிறார்கள், இருவருக்குமே எல்லாம் நினைவிருக்கிறது. ஆகவே ஒருவரை ஒருவர் ஏமாற்ற முடியாது. கிம் மி-கியோங் நடித்த தாய், மகள் எங்கிருந்து வந்தாள் என்பதை ஊகித்து, பேரனிடம் திரும்பிப் போ என்று அவளை அனுப்பிவைக்கும் இடம் கொரியத் தொலைக்காட்சியின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று.

டி.வி.என். 2018இல் ஒளிபரப்பிய 'ஃபெமிலியர் வைஃப்' தொடரில் கணவன் மட்டும் 2006க்குப் போகிறான். வங்கி ஊழியனான அவன் (ஜி சுங்), வேலைக்கும் இரு குழந்தைகளுக்கும் நடுவே நொந்து சீறும் மனைவியிடமிருந்து (ஹான் ஜி-மின்) தப்ப நினைத்து, அன்று தவறவிட்ட பணக்காரப் பெண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான். மாறிய நிகழ்காலத்தில் பழைய மனைவி அவனை அறியாத சக ஊழியராக அவன் வங்கிக்கே வருகிறாள். கலகலப்பாக, தன்னம்பிக்கையோடு இருக்கிறாள். தன்னோடு வாழ்ந்ததுதான் முன்பு அவளை நொந்து சீறுபவளாக ஆக்கியது என்பது அப்போது அவனுக்கு உறைக்கிறது. மாமியாருக்கு மறதிநோய் முற்றிவந்ததைக்கூட அவன் முன்பு கவனித்ததில்லை. எல்லாம் மாறிப்போன உலகத்தில் அந்த அம்மா மட்டும் அவனை மாப்பிள்ளை என்றே அழைக்கிறாள். அது அருமையான கற்பனை. ஆனால் தொடரின் அடிப்படைச் சிக்கல் தீர்வதில்லை. முதல் திருமணத்தின் துன்பத்தை உண்மையில் சுமந்த பெண்ணுக்கு அது நினைவிலேயே இல்லை. நினைவில்லாதவளிடம் மன்னிப்புக் கேட்டால் அது யாரைச் சேரும்? மனைவியை மாற்றிக்கொள்ளும் கதை என்று தொடக்க எபிசோடுகளின்போதே எழுந்த கண்டனம் முழுவதும் நியாயமற்றது என்று சொல்ல முடியாது.

ஜே.டி.பி.சி.யின் '18 அகெய்ன்' (2020), 2009இல் வந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்றைத் தழுவி, விவாகரத்தின் விளிம்பில் நிற்கும் கணவனை மட்டும் பதினெட்டு வயது உடலுக்கு மாற்றுகிறது. காலம் மாறுவதில்லை, அவன் தன் பிள்ளைகளின் வகுப்புத் தோழனாகிறான். காதலைவிடத் தகப்பன் மகன் உறவில்தான் அத்தொடர் உயர்ந்து நிற்கிறது.

நினைவிழப்பு ஏன் இத்தனை முறை வருகிறது?

எழுத்தாளருக்கு எளிது என்பதால். பிரிந்தவர்களுக்கிடையே இருக்கும் பழைய கணக்கை அழித்துவிட்டு, முதல் காதலின் புத்துணர்ச்சியை மறுபடி காட்டலாம். 'குயின் ஆஃப் டியர்ஸ்' போன்ற பெருந்தொடர்கூடக் கடைசிக் கட்டத்தில் இதைக் கைவிட முடியவில்லை.

'அவர் பிலவ்ட் சம்மர்' இவ்வளவு கொண்டாடப்படுவது ஏன்?

எஸ்.பி.எஸ்.ஸில் 2021 டிசம்பர் முதல் 2022 ஜனவரி வரை 16 எபிசோடுகளாக வந்த இத்தொடரில் மருத்துவமனை விபத்துகள் இல்லை, பெருநிறுவனச் சதி இல்லை. லீ நா-யுன் எழுதியது. பள்ளியில் முதல் மதிப்பெண் பெறும் மாணவியையும் கடைசி மதிப்பெண் பெறும் மாணவனையும் அருகருகே அமர்த்தி எடுத்த ஆவணப்படம் ஒன்று பல ஆண்டுகள் கழித்து இணையத்தில் பரவுகிறது. இடையில் இருவரும் காதலித்துப் பிரிந்து ஐந்தாண்டு ஆகியிருக்கிறது. மறுபடியும் ஆவணப்படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். இயக்குபவன் இருவருக்கும் பொது நண்பன். தொலைக்காட்சியில் இதன் பார்வையாளர் விகிதம் பெரிதாக இல்லை. நெட்ஃபிளிக்ஸ் வழியாகத்தான் இது உலகெங்கும் சென்றது.

சோய் வூ-ஷிக் நடித்த சோய் உங், கிம் டா-மி நடித்த குக் யோன்-சூ இருவரின் பிரிவுக்கும் வகுத்த காரணத்தில்தான் இதன் வலு இருக்கிறது. பாட்டியிடம் வளர்ந்த யோன்-சூவின் தலையில் உறவினரின் கடன் வந்து விழுகிறது. தன் வாழ்வில் தானே முடிவெடுத்துத் துறக்கக்கூடியது காதல் ஒன்றுதான் என்று எண்ணி அவள் அவனை விலக்குகிறாள். கடனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தகப்பனால் கைவிடப்பட்டு வேறொரு குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த சோய் உங், ஏன் என்று கேட்டால் இன்னும் மோசமான பதில் வருமோ என்று அஞ்சுகிறான். அவள் வறுமையை மறைக்கிறாள், அவன் பயத்தை மறைக்கிறான். ஐந்து வருடத்தை இந்த இரண்டும் விழுங்கிவிடுகின்றன.

மறுபடி சேர்ந்த பின்னும் கதை நிற்பதில்லை. இறுதிப் பகுதியில் உங் படிப்பதற்காகப் பாரிஸ் செல்ல நேர்கிறது. உடன் வருமாறு அவளை அழைக்கிறான். முன்பு என்றால் யோன்-சூ மௌனமாகப் பிரிந்திருப்பாள். இம்முறை, இங்கே தான் கட்டியெழுப்பிய வாழ்க்கை தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிட்டே மறுக்கிறாள். தொலைவு அதேதான், உறவு முறியவில்லை. இரண்டாம் வாய்ப்பில் என்ன மாறியது என்பதை வசனத்தில் விளக்காமல் செயலில் காட்டிய இந்த இடத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பாடல்களைத் தேடி வருபவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: இதில் வரும் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' பாடலைப் பாடியவர் பி.டி.எஸ். குழுவின் வி.

'குயின் ஆஃப் டியர்ஸ்' மறுவாய்ப்புக் காதலா, வெறும் ஆடம்பரத் தொடரா?

இரண்டும்தான். பார்க் ஜி-யுன் எழுதி டி.வி.என்.னில் 2024இல் வந்த இத்தொடரின் இறுதி எபிசோடு தென்கொரியாவில் 24.85 சதவீதப் பார்வையாளர்களைப் பெற்று, அந்த அலைவரிசையின் அதுவரையிலான உச்சத்தைத் தாண்டியது. முந்தைய உச்சமும் இதே எழுத்தாளரின் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' வைத்திருந்ததுதான். யோங்டு-ரி என்ற சிற்றூரிலிருந்து வந்த வழக்கறிஞன் (கிம் சூ-ஹ்யுன்), பேரங்காடிக் குடும்பத்தின் வாரிசை (கிம் ஜி-வோன்) மணந்து மூன்றாண்டில் சலித்துப்போய் விவாகரத்துத் தாளை எடுத்துக்கொண்டு போகிறான்; அவளோ தனக்கு இன்னும் மூன்று மாதமே ஆயுள் என்கிறாள். அவன் தாளை ஒளித்துக்கொண்டு அன்பாக நடிக்கத் தொடங்க, நடிப்பு மெல்ல மெய்யாகிறது. முதல் எட்டு எபிசோடுகள் துல்லியமானவை. மாமனார் வீட்டில் மருமகன்கள் வரிசையில் நின்று முன்னோர் படையலுக்குச் சமைக்கும் காட்சி, மருமகள்களின் வழக்கமான நிலையைத் தலைகீழாக்கிச் சிரிக்க வைக்கிறது.

பின்பாதியில் சொத்துச் சதியும் வில்லனின் துப்பாக்கியும் முன்னே வந்துவிடுகின்றன. ஆட்கடத்தலிலிருந்து மனைவியைக் காப்பாற்றுபவன், குழந்தைக்காக அலங்கரித்துக் காலியான அந்த அறையைப் பற்றி அவளிடம் உட்கார்ந்து பேச வேண்டிய கட்டாயத்திலிருந்து பெருமளவு தப்பித்துக்கொள்கிறான். வீரச்செயல் அங்கே உரையாடலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே என் குறை.

பழைய காதல் தோற்றுப்போகும் தொடர்களும் உண்டா?

உண்டு, அவற்றையும் பார்த்தால்தான் இவ்வகை முழுமையாகப் புரியும். எம்.பி.சி.யின் 'மை லவ்லி சாம் சூன்' (2005) தொடரில், தன் புற்றுநோயை மறைத்து அமெரிக்கா சென்ற காதலி மூன்றாண்டு கழித்துத் திரும்பி வருகிறாள். வேறு தொடராக இருந்தால் அவளே நாயகி. இங்கே அவள் நல்லவளாக இருந்தும், விளக்கம் நியாயமாக இருந்தும், நாயகனின் மனம் இனிப்புப் பலகாரக் கலைஞரான கிம் சாம்-சூனிடம் போய்விட்டது. காரணம் தெரிந்துவிட்டாலே உறவு திரும்பிவிடாது என்பதை அத்தொடர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியது.

2020இன் 'ஹாய் பை, மாமா!' இன்னும் கடுமையானது. விபத்தில் இறந்த தாய் 49 நாளுக்கு மனிதப் பிறவி பெற்று வருகிறாள். கணவன் மறுமணம் செய்துகொண்டிருக்கிறான், மகளை இரண்டாம் மனைவி அன்போடு வளர்க்கிறாள். பழைய இடத்தைத் திரும்பப் பெற்றால் உயிரோடிருக்கலாம் என்ற நிலையிலும் அவள் விலகிப்போகிறாள். 2022இன் 'டுவென்டி ஃபைவ் டுவென்டி ஒன்' தொடரில் காதலர்கள் பிரிந்ததோடு சரி. அந்த முடிவைப் பல ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. 'தி வேர்ல்ட் ஆஃப் தி மேரீட்' (2020) தொடரில் விவாகரத்துக்குப் பின் இருவரும் ஒருமுறை நெருங்கினாலும், அது மீட்சி ஆகவில்லை, நோய் திரும்பியது போலத்தான் இருக்கிறது. லீ நா-யுன் 2025இல் நெட்ஃபிளிக்ஸுக்காக எழுதிய 'மெலோ மூவி' இரு பாதைகளையும் ஒரே கதையில் வைத்தது: முதன்மை இணை சேர்கிறது, ஏழாண்டு காதலித்துப் பிரிந்த துணை இணையோ பேசித் தெளிந்து பிரிகிறது.

இவை மோசமான உறவுக்குத் திரும்பிப் போகச் சொல்கின்றனவா?

சில தொடர்கள் சொல்கின்றன என்றே கருத வேண்டும். விடாமல் பின்தொடர்வதையும், புதிய காதலன் முன்னால் கையைப் பிடித்து இழுப்பதையும் உண்மைக் காதலின் அடையாளமாகக் காட்டிய பழைய தொடர்கள் கொஞ்சமல்ல. கே.பி.எஸ். 2இன் 'டிஸ்கவரி ஆஃப் லவ்' (2014) இந்த விஷயத்தில் நேர்மையானது. ஐந்தாண்டு காதலித்த பழைய காதலனுக்கும், இப்போதைய அமைதியான காதலனுக்கும் நடுவே நிற்கும் நாயகியை ஜங் யூ-மி நடித்திருக்கிறார். பாத்திரங்கள் அவ்வப்போது கேமராவைப் பார்த்துப் பேட்டி தருவதுபோலத் தங்கள் மனத்தைச் சொல்கிறார்கள். நாயகி பொய் சொல்கிறாள், அந்தப் பொய்யால் ஒரு நல்லவன் காயப்படுகிறான், தொடர் அதை மறைப்பதில்லை. இறுதியில் அவள் பழையவனிடமே போகிறாள். அவன் சண்டையின்போது கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பதால் அதை ஏற்க முடிகிறது.

இவ்வகையில் எந்தத் தொடரையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: எது இவர்களைப் பிரித்ததோ, அது இப்போது இவர்களிடம் இல்லையா? இருக்கிறது என்றால், கடைசிக் காட்சியில் எத்தனை பனி பொழிந்தாலும் அடுத்த ஆண்டு அவர்கள் மறுபடி நீதிமன்ற வாசலில் நிற்பார்கள்.

உண்மையான தம்பதியரை வைத்து இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டா?

டி.வி. சோசன் 2020 நவம்பரில் தொடங்கிய 'வி காட் டைவோர்ஸ்ட்', விவாகரத்தான பிரபலங்களைச் சில நாள் ஒரே வீட்டில் தங்கவைத்தது. டிவிங் தளம் 2021இல் தொடங்கிய 'எக்ஸ்சேஞ்ச்', பிரிந்த காதலர்கள் பலரை ஒரே இல்லத்தில் சேர்த்து, யார் யாருடைய பழைய துணை என்பதை மறைத்துவைத்தது. இரண்டும் பரபரப்பாகப் பேசப்பட்டன. சண்டையை வேடிக்கை பார்க்கும் உணர்வு அவற்றில் மிகுதி என்பதால் எனக்கு அவை உகந்தவையாக இல்லை.

புதிதாகப் பார்ப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

நேரம் குறைவு என்றால் 12 எபிசோடுகளே கொண்ட 'கோ பேக் கப்பிள்'. திருமணமானவர்கள், குறிப்பாகக் கைக்குழந்தை உள்ளவர்கள், கைக்குட்டையோடு உட்காரவும். திருமணமாகாத இளைஞர்களுக்கு 'அவர் பிலவ்ட் சம்மர்'. மெதுவான நடையைப் பொறுத்துக்கொள்பவர்கள் 'அலோன் இன் லவ்' தொடரைத் தேடிப் பார்க்கலாம். 2006இன் படத்தரம் சற்று மங்கலாக இருக்கும், ஆனால் சன் யே-ஜினின் நடிப்பு மங்கவில்லை. குடும்பத்தோடு பார்க்க 'ஹோம்டவுன் சா-சா-சா' பொருந்தும். 'வின்டர் சொனாட்டா' தொடரை வரலாற்று ஆர்வத்தோடு அணுகுவது நல்லது. முதல் இரண்டு எபிசோடுகளின் பள்ளிப் பகுதி பிடித்துவிட்டால் மீதம் 18ஐயும் பார்த்துவிடுவீர்கள், பிடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.